நிறுத்தத் தெரிந்த புறா

கொட்டாஞ்சேனையில் வெயில் தணியும் நேரத்தில் ஜம்பட்டா வீதிப் பக்கம் நடப்பவர்கள் சிலவேளை தலைக்கு மேலே படபடவென்று இறக்கை அடிபடும் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். பத்துப் பதினைந்து புறாக்கள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். அதில் ஒன்று திடீரென்று வாலை விரிக்கும். இறக்கை இரண்டையும் முதுகுக்கு மேலே தூக்கும். தலையைப் பின்னுக்கு எறியும். அடுத்த கணம் அது பறவையாகவே தெரியாது. பின்பக்கமாக உருண்டு உருண்டு இரண்டு மூன்று மாடி உயரம் கீழே வரும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல இறக்கையை விரித்து, மேலே ஏறி, கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதை யார் பழக்கினார்கள்? விளையாட்டுக்குச் செய்கிறதா, வருத்தத்தில் செய்கிறதா? தலை சுற்றாதா? பறப்பதற்கென்றே அமைந்த ஓர் உயிர், பறந்துகொண்டிருக்கும்போதே பறப்பதை விட்டுவிடுவது ஏன்?

புறா வளர்ப்பவர்களிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "தம்பி, இது படிச்சுக் குடுக்கிற வித்தை இல்ல. அது ரத்தத்தில வரணும்." மொட்டை மாடியில் சொல்லப்படும் இந்தப் பதில் பெரும்பாலும் சரி. 'ரத்தம்' என்பதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

புறாத்தீவின் உறவுக்காரர்கள்

நிலாவெளிக் கடற்கரையில் நின்று பார்த்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளிப் பாறைகளோடு ஒரு சின்னத் தீவு தெரியும். புறாத்தீவு. 2003 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்துக்கு இப்போது ஆட்கள் பவளப்பாறையும் மீனும் பார்க்கத்தான் போகிறார்கள். தீவுக்குப் பெயர் வரக் காரணமான மாடப்புறாக்களை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. சாம்பல் உடம்பு, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை, கழுத்தில் வெயில் பட்டால் பச்சையும் ஊதாவும். உலகத்தில் வீடுகளில் வளர்க்கப்படும் புறா வர்க்கங்கள் அத்தனையும், விசிறி வாலுள்ளது, கழுத்துப்பை ஊதுவது, தலையில் கொண்டை வைத்தது, பந்தயம் பறப்பது எல்லாமே, இந்த ஒரே இனத்திலிருந்து வந்தவை.

மாடப்புறா பாறை இடுக்கில் கூடு கட்டும் பறவை. அதனால்தான் மரப்பெட்டியைச் சுவரில் அடித்துக் கொடுத்தாலும் மறுப்பில்லாமல் குடியேறுகிறது. மரக்கிளையில் கூடு கட்டும் பச்சைப்புறாவை இப்படி வளர்த்துவிட முடியாது.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. எங்கே கொண்டுபோய் விட்டாலும் தன் இடுக்குக்குத் திரும்பி வரும். கொழும்பு இதை நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறது. 1850 களில் ஐரோப்பாவிலிருந்து வரும் தபால் கப்பல்கள் காலித் துறைமுகத்தில்தான் நின்றன. 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை அங்கே ஆள் வைத்து, கப்பலில் வந்த செய்திகளைச் சுருக்கி எழுதிப் புறாவின் காலில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பியது. 1858 இல் காலிக்குத் தந்திக்கம்பி வந்த பிறகு புறாக்களுக்கு வேலை போயிற்று.

வீடு திரும்பும் புத்தி காட்டுப் புறாவிடம் ஏற்கெனவே இருந்தது. மனிதர் அதைத் தேர்ந்து தேர்ந்து கூர்மையாக்கினார்கள். கரணத்தின் கதை வேறு. காட்டு மாடப்புறா கரணம் போடுவதில்லை. இல்லாத ஒன்று எங்கிருந்து வந்தது?

மதராஸிலிருந்து ஒரு கடிதம்

சார்ள்ஸ் டார்வின் 1855 இல் புறா வளர்க்கத் தொடங்கினார். பொழுதுபோக்குக்காக அல்ல. இயற்கைத் தேர்வு என்று தான் நினைத்துக்கொண்டிருந்ததற்கு வீட்டுக்குள்ளேயே ஓர் உதாரணம் வேண்டும் என்று. இலண்டனில் புறாக்காரர்களின் சங்கங்கள் இரண்டில் சேர்ந்தார். அவர்களோடு உட்கார்ந்து அலகையும் வாலையும் பற்றிப் பேசினார். உலகம் முழுக்கக் கடிதம் எழுதிப் புறா கேட்டார், தகவல் கேட்டார். அவருக்குப் பதில் எழுதியவர்களில் ஒருவர் மதராஸ் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்த சேர் வோல்ட்டர் எலியட்.

எலியட் எழுதிய விஷயங்களில் ஒன்று லோட்டன் புறா பற்றியது. இது வடஇந்தியாவின் பழைய வர்க்கம். கையில் எடுத்து மெல்லக் குலுக்கித் தரையில் விட்டால் உடனே தலைகீழாக உருளத் தொடங்கும். யாராவது தூக்கி, முகத்தில் ஊதி, ஆற்றும்வரை உருண்டுகொண்டே இருக்கும். இவை தரையில் மட்டுமே, அல்லது தரைக்குச் சற்று மேலேதான் உருளும் என்று தனக்குத் தெரிந்தவர்கள் சொன்னதாக எலியட் எழுதினார். ஆகாயத்திலும் உருளக் கண்டதாக இலண்டனில் ஒருவர் சொன்னார். டார்வின் இரண்டையும் தன் 1868 ஆம் ஆண்டு நூலில் அப்படியே பதிந்து வைத்தார். தூக்காமல் விட்டால் சாகும்வரை உருளும் என்று சொல்லப்படுவதையும் சேர்த்தே எழுதினார்.

டார்வினை வியக்க வைத்தது இந்த வழக்கத்தின் வயது. அக்பரின் அரண்மனை நடைமுறைகளை அபுல் பஸல் எழுதிவைத்த 'அயினி அக்பரி'யில் லோட்டன் வருகிறது. அதாவது 1600 க்கு முன்பே. அந்த அரண்மனையில் 20,000 க்கு மேற்பட்ட புறாக்கள் இருந்தன. அவற்றில் சிறந்த ஒரு புறா பறக்கும்போது 15 முறை சக்கரம் சுற்றும், 70 கரணம் போடும் என்று கணக்கே கொடுத்திருக்கிறார்கள். புறாவின் கரணத்தை எண்ணிக் குறித்துவைக்கும் பைத்தியம் நேற்று வந்ததல்ல.

1859 இல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' நூலில், பிறவியறிவு பற்றிப் பேசும் இடத்தில், டார்வின் கரணப்புறாவைச் சாட்சிக்கு இழுக்கிறார். ஒரு புறாவுக்குக் கரணம் கற்பிக்கலாம் என்று எவருக்கும் தோன்றியிருக்காது, தோன்றியிருந்தாலும் கற்பித்திருக்க முடியாது என்பது அவர் வாதம். மற்றொரு புறா கரணம் போடுவதைப் பார்த்தேயிராத குஞ்சுகள் தானாகப் போடுவதை அவர் கண்ணால் கண்டிருந்தார். அதே பக்கத்தில் கிளாஸ்கோ நகரத்துப் புறாக்கள் சிலவற்றைப் பற்றியும் சொல்கிறார். ஒன்றரை அடி உயரம் பறப்பதற்குள் கரணம் போட்டுவிடுமாம்.

முதல் கரணப்புறா எப்படி வந்திருக்கும்? டார்வினின் ஊகம் எளிமையானது. எங்கோ ஒரு கூட்டில் ஒரு குஞ்சு விநோதமாகப் பறந்தது. வைத்திருந்தவருக்கு அது பிடித்துப்போயிற்று. அதிலிருந்து குஞ்செடுத்தார், அந்தக் குஞ்சுகளில் இன்னும் விநோதமானதிலிருந்து மறுபடி குஞ்செடுத்தார். காட்டில் பிறந்திருந்தால் அந்தக் குஞ்சு ஒரு வாரம் தாங்கியிருக்காது.

ஓர் ஆண் கரணம், ஒரு பெண் ஹோமர்

இப்போது 'ரத்தம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். கொட்டாஞ்சேனை மொட்டை மாடி ஒன்றில் நல்ல கரணம் போடும் ஓர் ஆண்புறா இருக்கிறது என்று வையுங்கள். அதற்குப் பெட்டை இல்லை. பக்கத்துக் கூட்டிலிருந்து ஒரு ஹோமர் பெட்டையை, அதாவது வீடு திரும்பும் பந்தயப்புறாவை, வாங்கி ஜோடி சேர்க்கிறார் வளர்ப்பவர்.

புறா ஒரு ஈட்டில் இரண்டு முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். பகலில் பெரும்பகுதி ஆண், இரவு முழுக்கப் பெண். 17, 18 நாளில் குஞ்சு வெளியே வரும். முதல் சில நாட்களுக்குத் தாயும் தகப்பனும் தங்கள் கழுத்துப்பையில் சுரக்கும் வெண்மையான கட்டிப் பாலைத்தான் ஊட்டும். பாலூட்டாத உயிர்களில் தகப்பனும் பால் கொடுப்பது அபூர்வம். கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வந்துவிடும்.

நான்கு ஈட்டில் எட்டுக் குஞ்சுகள் கிடைத்தன. எட்டும் பறந்தன. மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம். ஒன்றுகூடக் கரணம் போடவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். ஹோமர் கலந்து ரத்தம் கெட்டுப்போயிற்று என்று எட்டையும் சந்தையில் தள்ளிவிடுவார்கள். உண்மையில் எதுவும் கெடவில்லை. ஒளிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குக் குணங்களைக் கொண்டுசெல்லும் துண்டுக்குப் பரம்பரை அலகு என்று பெயர். பெரும்பாலான குணங்களுக்கு ஒவ்வொரு புறாவிடமும் இரண்டு பிரதி இருக்கும்: ஒன்று தகப்பன் கொடுத்தது, மற்றது தாய் கொடுத்தது. குஞ்சு உண்டாகும்போது பெற்றோர் ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள இரண்டில் ஒன்றை மட்டும், எது என்று பாராமல், கொடுக்கும். கரண அலகு பின்னிடைவானது. பக்கத்தில் ஒரு சாதாரண அலகு இருந்தால் அது வாய் திறக்காது. இரண்டு பிரதியும் கரணமாக இருந்தால்தான் புறா உருளும்.

நமது ஆண்புறா உருளுகிறது. ஆகவே அதனிடம் இரண்டும் கரணம். ஹோமரிடம் இரண்டும் சாதாரணம். எட்டுக் குஞ்சுக்கும் தகப்பனிடமிருந்து ஒரு கரணம், தாயிடமிருந்து ஒரு சாதாரணம். எட்டும் ஒரே மாதிரி. எட்டும் ஒழுங்காகப் பறக்கும். எட்டிடமும் கரணம் இருக்கிறது.

வளர்ப்பவர் பொறுமைசாலி. எட்டில் ஓர் ஆணையும் பெண்ணையும் தமக்குள்ளேயே ஜோடி சேர்க்கிறார். இப்போது ஒவ்வொரு பேரக்குஞ்சுக்கும் நான்கு வாய்ப்புகள். இரண்டு பக்கமும் சாதாரணம் வரலாம். தகப்பனிடமிருந்து மட்டும் கரணம், தாயிடமிருந்து மட்டும் கரணம் வரலாம். இரண்டு பக்கமும் கரணம் வரலாம். கடைசி ஒன்றில்தான் உருளும். ஆகவே நாலுக்கு ஒன்று.

நாலுக்கு ஒன்று என்றதும் நான்கு குஞ்சில் ஒன்று நிச்சயம் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் ஈட்டில் இரண்டு குஞ்சு. இரண்டுமே உருளாமல் போக வாய்ப்பு பதினாறுக்கு ஒன்பது. பாதிக்கு மேல்! எட்டுக் குஞ்சு எடுத்தாலும், பத்து வளர்ப்பாளரில் ஒருவருக்கு ஒன்றுகூட உருளாது. அவர் போய் "கலப்பில கரணம் வரவே வராது" என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நடந்தது அதுதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எட்டில் ஒரு பெட்டையை அதன் தகப்பனுக்கே, பழைய கரண ஆணுக்கே, சேர்ப்பது. தகப்பன் கொடுப்பது எப்போதும் கரணம். பெட்டை கொடுப்பது பாதி நேரம் கரணம். ஆகவே குஞ்சுகளில் இரண்டுக்கு ஒன்று உருளும். எட்டுக் குஞ்சும் ஏமாற்றுவதற்கான வாய்ப்பு 256 க்கு ஒன்றுதான். தகப்பனுக்கு மகளைச் சேர்ப்பது என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. புறாக்காரர்கள் சுளிப்பதில்லை. பல தலைமுறைக்கு இதையே செய்தால் குஞ்சுகள் நலியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஒரு கரணமா, பத்து மீற்றரா

இவ்வளவும் கடதாசியில். 1972 இல் என்ரிகின், எர்வே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கரணப்புறாக்களையும் கரணம் போடாத புறாக்களையும் உண்மையிலேயே கலந்து பார்த்து முடிவை வெளியிட்டார்கள். அடிப்படையில் ஒரு பின்னிடைவான அலகுதான் காரணம் என்றும், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேறு அலகுகளும் இருக்க வேண்டும் என்றும் கண்டார்கள். அண்மைக் காலத்தில் யூட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷப்பீரோவின் ஆய்வுகூடம் கரணப்புறாவையும் பந்தயப்புறாவையும் மறுபடி கலந்தது. முதல் தலைமுறை உருளவில்லை. பேரக்குஞ்சுகளில் சில உருண்டன. ஆனால் எல்லாம் ஒரே அளவில் அல்ல. இந்தக் குணத்தில் பல அலகுகளுக்குக் கை இருக்கிறது என்பது அவர்கள் முடிவு. இதே கூடம்தான் 2013 இல் புறாவின் முழுப் பரம்பரைத் தொகுதியையும் வாசித்து வெளியிட்ட குழுவை வழிநடத்தியது. தலைக்கொண்டைக்கு ஒரே ஓர் அலகில் ஏற்பட்ட மாற்றம்தான் காரணம் என்பதும் அப்போது தெரியவந்தது. கொண்டை உண்டு அல்லது இல்லை. கரணம் அப்படிச் சொல்பேச்சுக் கேட்கும் குணம் அல்ல.

மொட்டை மாடியில் நிற்பவருக்கு இது புதிதல்ல. ஒரே ஈட்டில் வந்த இரண்டு குஞ்சில் ஒன்று ஒற்றைக் கரணம் போட்டு நிறுத்திவிடும். மற்றது பத்து மீற்றர் இறங்கும். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு; அதைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. உருளத் தொடங்கினால் அதற்கு நிறுத்தத் தெரியாது. தகரக் கூரையில் அடித்த சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வருவார்.

எனக்கு இந்த மூன்றாவது புறாதான் முழு விஷயத்தையும் விளக்குவதாகத் தோன்றுகிறது. நன்றாக உருள்வதற்கும் செத்துப்போவதற்கும் இடையில் வேறு குணம் ஒன்றும் இல்லை. அதே குணம், இன்னும் கொஞ்சம் கூடுதலாக. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலாளர்கள் தங்கள் கொல்லைப்புறங்களில் உருவாக்கிய 'பேர்மிங்ஹாம் ரோலர்' இன்று உலகம் முழுக்கப் புகழ்பெற்றது. அதன் புகழ் ஆழத்தால் மட்டும் வந்ததல்ல. வேகமாகச் சுழன்று, சட்டென்று நின்று, நேரே கூட்டத்துக்கு ஏறும் அழகால் வந்தது. பெரிய போட்டிகளில் 20 நிமிடம் பறக்கவிட்டுப் பார்க்கும் நடுவர்கள் ஒற்றைப் புறாவுக்குப் புள்ளி போடுவதில்லை. பல புறாக்கள் ஒரே கணத்தில் சேர்ந்து உருண்டு, சேர்ந்து நிற்க வேண்டும்.

பின்னுக்கு எறியப்பட்ட தலை

உருளும் அந்த நேரத்தில் புறாவுக்குள் என்ன நடக்கிறது? இதற்கு நேரடிப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் புறாவின் தலை பின்னுக்குச் சாய்வது வேறு இரண்டு இடங்களிலும் நடக்கும். இரண்டுமே கூடு வைத்திருப்பவர்கள் கண்டிருக்கக்கூடியவை.

முதலாவது, தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் போட்டு வளர்த்த புறா. சில வாரங்களில் அதன் கால் தளரும். தலை முதுகில் போய் ஒட்டிக்கொள்ளும். கண் ஆகாயத்தைப் பார்த்து நிற்கும். தவிட்டில் இருக்கும் பி1 விற்றமின் கிடைக்காமல் நரம்பு பழுதாவதன் அடையாளம் இது. ஜாவாவில் ஒல்லாந்த வைத்தியர் ஐக்மன் 1890 களில் கோழிகளில் இதைக் கண்டுபிடித்தார். பிறகு கசிமிர் பங்க் புறாக்களை வைத்துத் தவிட்டின் சாரத்தைத் தேடினார். 1912 இல் 'விற்றமின்' என்ற பெயரைக் கொடுத்தவர் அவர்தான். குறைந்த அந்தச் சத்தைக் கொடுத்தால் சில மணித்தியாலத்தில் தலை நிமிர்ந்துவிடும். சோளம், பயறு, கடலை, நெல், குரக்கன் எல்லாம் கலந்து போடுகிறவர்களின் கூட்டில் இது வராது.

இரண்டாவது, கோழிகளில் நாம் ராணிக்கெட் என்று சொல்லும் நோய்க் கிருமியின் உறவான ஒரு வைரஸ். அது பிடித்த புறாவின் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தானியத்தைக் கொத்தப் போனால் குறி தவறும். பயந்தால் பின்னுக்குப் புரண்டு விழும். கரணம் போடாத வர்க்கத்தில் ஒரு புறா திடீரென்று கரணம் போடத் தொடங்கினால் மகிழ ஒன்றுமில்லை. உடனே தனியே பிரித்து மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சத்துக்குறைவு ஒன்று, கிருமி ஒன்று. இரண்டும் தொடுவது நரம்புமண்டலத்தை. விளைவு ஏறத்தாழ ஒரே அசைவு. இதை வைத்துப் பார்த்தால் கரணப்புறாவின் மூளையில் உடலின் நிமிர்வைக் காக்கும் ஏற்பாட்டில் ஒரு தளர்வு பரம்பரையாக இருக்கிறது என்று கருத இடமிருக்கிறது. 1987 இல் வெளியான ஓர் ஆய்வு, தரையில் உருளும் புறாக்களின் கரணத்தை மூளையின் செரோட்டோனின் என்னும் இரசாயனத்தோடு தொடர்புபடுத்தியது. நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் பொருட்களில் அதுவும் ஒன்று.

வியாதியா இது என்று கேட்டால், எனக்கு அந்தச் சொல்லில் முழு உடன்பாடு இல்லை. உருண்டு முடிந்த அடுத்த நொடியே அந்தப் புறா கூட்டத்தின் வேகத்தையும் திசையையும் கணித்து ஏறிச் சேர்கிறது. மயங்கிய உயிரால் இது முடியாது. 'விளையாட்டு' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. குஞ்சுகள் கரணம் தொடங்கும் காலத்தைக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இரண்டு மூன்று மாத வயதில் ஒரு நாள், நேராகப் பறந்துகொண்டிருக்கும் குஞ்சு வாலை விரித்து, ஆகாயத்திலேயே வாலில் உட்காரப் போவதுபோலப் பின்னுக்குச் சாயும். திடுக்கிட்டுச் சரிசெய்துகொள்ளும். சில நாள் கழித்துப் பாதிக் கரணம்; அரைகுறையாகப் புரண்டு, கூட்டத்தை விட்டுவிட்டு, கூரையில் வந்து இறங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அடுத்த நாள் திறந்துவிட்டாலும் மேலே ஏறத் தயங்கும். தன் உடம்பு தன்னிடம் சொல்லாமல் ஏதோ செய்கிறது என்பதற்குப் பழகும் காலம் அது. கரணம் பிறவியில் வருகிறது. அதோடு பறக்கப் பழகுவதுதான் குஞ்சு கற்றுக்கொள்ளும் பாடம்.

சில கற்றுக்கொள்வதேயில்லை. தரையில் மட்டும் உருளும் புறா வர்க்கங்களில் மேலே எழும்ப முயன்றாலே கரணம் வந்துவிடும். பறக்கும் சுகம் அவற்றுக்கு இல்லை. அமெரிக்காவில் எந்தப் புறா அதிக தூரம் உருளுகிறது என்று புல்தரையில் போட்டி வைக்கிறார்கள். எனக்கு அதில் இரசனை வரவில்லை.

வல்லூறின் கணக்கு

கூட்டமாகப் பறக்கும் பறவைகளில் எது தடுமாறுகிறதோ அதைத்தான் வேட்டைப் பறவை குறிவைக்கும். கரணப்புறா நாளுக்குப் பலமுறை தடுமாறிக் காட்டுகிறது. காயம்பட்டு விழும் பறவைக்கும் உருளும் புறாவுக்கும் வல்லூறின் கண்ணுக்கு வேறுபாடு கிடையாது. காட்டில் இந்தக் குணம் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு இதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை.

புறாக்காரர்களின் கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2007 இல் அமெரிக்காவில் நடந்தது உதாரணம். கலிபோர்னியா, ஒரிகன் பக்கங்களில் கரணப்புறா வளர்ப்பவர்கள் பொறி வைத்தும் சுட்டும் அடித்தும் பருந்து வல்லூறுகளைக் கொன்றுவந்ததை வனவிலங்குத் திணைக்களத்தின் இரகசிய விசாரணை வெளிக்கொண்டுவந்தது. விசாரணைக்கு வைத்த பெயர் 'ஒப்பரேஷன் ஹை ரோலர்'. கைதானவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். தடுமாறுவதற்கென்றே ஒரு பறவையை உருவாக்கி ஆகாயத்தில் விட்டுவிட்டு, தடுமாறுவதைப் பிடிப்பதற்கென்றே உருவான பறவையின் மேல் பழிபோட்டால் எப்படி?

கொழும்பில் வல்லூறு ஒன்று மட்டும் ஆபத்து அல்ல. காகம் குஞ்சுகளைத் துரத்தும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் முன்பு ஓட்டு வீடும் முற்றமும் இருந்த இடங்களில் இப்போது அடுக்குமாடிகள். உருளத் தொடங்கிய புறாவுக்குக் கீழே வெறும் வெளி வேண்டும். அங்கே சுவரும் கம்பியும்தான் இருக்கின்றன. சோளகம் வீசும் மாதங்களில் கடற்காற்று கூட்டத்தையே உள்நாட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். அதனால் அனுபவசாலிகள் காற்று எழும்ப முன், காலையிலேயே திறந்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றில்தான் திறப்பார்கள். தீனி ஒரு புறாவுக்கு நாளைக்கு ஏறத்தாழ 30 கிராம். அதைப் பறந்து முடிந்த பிறகே போடுவார்கள். பால்மாப் பேணியில் தானியத்தைக் குலுக்கும் சத்தம் கேட்டால் கூட்டம் இறங்கிவிடும். வயிறு நிறைந்த புறாவுக்கு அந்தச் சத்தம் காதில் விழாது. பக்கத்துத் தண்ணீர்த் தாங்கியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எதற்கு எதைச் சேர்ப்பது

இப்போது வளர்ப்பவரின் உண்மையான சிக்கலுக்கு வரலாம். ஆழமாக உருளும் ஆணுக்கு ஆழமாக உருளும் பெட்டையைச் சேர்த்தால் குஞ்சுகள் இன்னும் ஆழமாக வரும் என்று புதியவர் நினைப்பார். வரத்தான் செய்யும். கரணத்தைக் கூட்டும் அலகுகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து குவியும். அடுத்த தலைமுறையில் கூரையில் விழும் புறாக்கள் கூடும். அதற்குப் பயந்து ஒற்றைக் கரணப் புறாக்களையே சேர்த்துக்கொண்டிருந்தால் சில தலைமுறையில் கரணமே தேய்ந்துபோகும், மிஞ்சுவது மாடப்புறா. ஆகவே ஆழமானதற்கு ஆழம் குறைந்த, ஆனால் சுத்தமாக நிற்கிற ஒன்றைச் சேர்ப்பார்கள். அனுபவசாலி ஒருவர் ஜோடி சேர்க்கப் புறாவைத் தேர்ந்தெடுக்கும்போது கவனித்தால் தெரியும்: எத்தனை சுற்று என்று அவர் பார்ப்பதில்லை. உருண்டு முடித்த பிறகு தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, உடனே ஏறுகிறதா, சற்றுத் தயங்குகிறதா என்றுதான் பார்ப்பார். நானூறு வருடமாக மனிதர்கள் புறாவிடம் கரணத்தைத் தேடித் தேர்ந்தார்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நன்றாக வளர்த்தவர்கள் தேடித் தேர்ந்தது நிற்கும் திறனை.

நிற்கும் திறன் பார்த்ததும் தெரிந்துவிடுவதில்லை. முதல் வருடம் அழகாக உருண்ட புறா, இரண்டாம் வருடத்தில் ஆழம் கூடி ஒரு நாள் கூரையில் வந்து விழலாம். அதற்குள் அதிலிருந்து ஆறு குஞ்சு எடுத்திருந்தால் ஆறுக்குள்ளும் அந்தக் குறை போயிருக்கலாம். அதனால் இரண்டு வருடம் பறக்கவிட்டுப் பார்த்த பிறகே ஜோடி சேர்க்க வேண்டும் என்பது ஒரு கட்சி. மற்றக் கட்சி சிரிக்கும்: கொழும்பில் இரண்டு வருடம் ஒரு நல்ல கரணப்புறாவை வல்லூறும் கம்பியும் காற்றும் விட்டுவைக்குமா? முதல் வருடம் முடிந்ததும் கூட்டுக்குள் பூட்டிக் குஞ்சு எடுப்பதுதான் புத்தி என்பார்கள். பூட்டிவைத்த புறாவின் குறை வெளியே தெரியாது. அதன் குஞ்சுகள் பறக்கும்போதுதான் தெரியும். கெட்டிக்காரர்கள் உடன்பிறப்புகளைப் பிரித்து வைக்கிறார்கள். ஒன்றைப் பூட்டிவைப்பார்கள், மற்றதைப் பறக்கவிடுவார்கள். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தது இரண்டாம் வருடமும் கூரையில் விழாமல் பறந்தால், பூட்டியிருப்பதன் மேல் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். கொஞ்சம்தான். ஒரே ஈட்டில் வந்த இரண்டும் ஒரே சீட்டை எடுத்துக்கொண்டு வருவதில்லை என்பதை அந்தப் பேரக்குஞ்சுக் கணக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டது.